எந்தத் தெரு?



கிராமத்துக்குப் புதிதாக வரும் ஒருவரிடம் ‘நீங்க எந்த ஊரு?’ என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: ‘அங்க எந்தத் தெரு?’ கேட்பவர் கடிதம் எழுதப்போவதில்லை. முகவரி அவருக்குத் தேவையில்லை. சாதியை வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம் என்று ஆகிவிட்ட காலத்தில் அந்த வேலையைத் ‘தெரு’ என்ற சொல் செய்துகொடுக்கிறது. பதில் சரியாக இருந்தால் செம்பில் தண்ணீர் வரும். ‘காலனி’ என்று சொன்னால் செம்பு உள்ளே போய் வேறொரு டம்ளர் வெளியே வரும்.

இந்த நினைவுப் பேருரைக்கு அந்தச் சொல்லையும் அதன் உறவுச் சொற்களையும் எடுத்துக்கொண்டோம். நிலத்தைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, கோயிலைப் பற்றி, தேநீர்க்கடையைப் பற்றி நம் இயக்கங்கள் நிறையப் பேசியும் எழுதியும் இருக்கின்றன. பாதையைப் பற்றிப் பேசியது குறைவு. பஞ்சமி நிலத்துக்குக் கிடைத்த கவனத்தில் கால் பங்குகூட மயானப் பாதைக்குக் கிடைத்ததில்லை. பிணத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் அன்றைக்குத்தான் அது நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு வட்டாட்சியர் வருவார், காவல்துறை வரும், ‘இது பாதையே இல்லையே’ என்று யாராவது ஒரு தாளைக் காட்டுவார்கள். அந்தத் தாளில் இருக்கும் சொல் எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கேள்வி. முள்வேலியும் சுவரும் வருவதற்கு முன்பே சாதி ஒரு பாதையைச் சொல்லால் மறித்துவிடுகிறது என்பது எங்கள் கருத்து.

தமிழில் பாதைக்குச் சொல் பஞ்சம் இல்லை. ஆறு, நெறி, வழி, தடம், அதர், சுரம், பாதை, பாட்டை, சாலை, வீதி, தெரு, மறுகு, சந்து, முடுக்கு என்று அடுக்கலாம். கொங்கு நாட்டில் இரு பக்கமும் வேலி அடைத்து நடுவே வண்டி போகும் தடத்துக்கு இட்டேரி என்று பெயர். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை. நெல்லைப் பக்கத்துப் பெரியவர்கள் ரஸ்தா என்பார்கள். எல்லாமே கால் பதிக்கும் இடம்தான். ஆனால் இவற்றுக்குள் இரண்டு குணம் இருக்கிறது. வழி, தடம், பாதை, பாட்டை ஆகியவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதைச் சொல்பவை. அவற்றுக்கு நடப்பவர்தான் முக்கியம். தெரு, வீதி, மறுகு ஆகியவை இரண்டு பக்கமும் வீடுகளை நிறுத்திக்கொண்டு, அங்கே குடியிருப்பவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்பவை; அவற்றுக்கு வசிப்பவர் முக்கியம். நூறு ஆண்டுகளாக நாம் நடத்திவரும் சண்டையை இந்த வேறுபாட்டை வைத்தே சொல்லிவிடலாம். நாம் ‘இது வழி’ என்கிறோம். அவர்கள் ‘இது எங்கள் தெரு’ என்கிறார்கள்.

சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டு பகுதிகள். கைவினைஞரும் பரதவரும் சிறுவணிகரும் ஒரு பக்கம். அரச வீதியும் தேர் வீதியும் பெருவணிகரும் மறையோரும் மறு பக்கம். இதை நகரமைப்பின் பெருமையாகவே நமக்குப் பாடம் நடத்தினார்கள். தொழில்வாரியாகத் தெரு பிரிந்திருந்ததை அழகு என்று எழுதிய உரைகள், பிரித்தது யார் என்று கேட்கவில்லை.

ஊருக்கு வெளியே போனால் சொல் மாறுகிறது. அங்கே பெருவழி. கோயம்புத்தூர் அருகே சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழி என்று பெயர் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியின் தூரக்கல் கிடைத்திருக்கிறது. நாவல்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அதோடு, எழுத்துத் தெரியாதவர்களுக்காக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பத்து, ஒன்பது ஒன்று. விரலால் தடவியே கணக்குப் பார்க்கலாம். எங்களுக்கு மிகவும் பிடித்த கல்வெட்டு இது. மன்னன் புகழைப் பேசும் ஆயிரம் கல்லுக்கு நடுவே, படிக்கத் தெரியாதவன் ஒருவன் இந்த வழியில் வருவான் என்று நினைத்த கல். பெருவழிக்கு வணிகம் வேண்டும், சுமை தூக்குபவன் வேண்டும், சுங்கம் வேண்டும். அதனால் வருபவனிடம் அது தூரத்தைச் சொன்னது. ஊருக்குள் போனதும் அதே ஆள் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கும் கல்லில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில், முதலாம் இராசராசன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நில அளவைப் படியுங்கள். வரி கழிக்க வேண்டிய நிலம் என்று ஊர்தோறும் ஒரு பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே வருகிறது. பறையர் சுடுகாடு தனியே வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடியிருப்பும் பிணம் எரிக்கும் இடமும் பிரிந்திருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான அரசு ஆவணம் தேவையில்லை. அந்தச் சேரியிலிருந்து அந்தச் சுடுகாட்டுக்கு மக்கள் எந்த வழியாகப் போனார்கள்? பட்டியலில் பறைச்சேரிக்கு என்று ஒரு வழி தனியே எழுதப்பட்டதாக நாங்கள் பார்த்ததில்லை.

‘சேரி’ என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அது பிறப்பிலேயே இழிவான சொல் என்று நம் இளைஞர்கள் பலர் நினைக்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு எல்லோரும் மேடையில் பேசும் கல்வெட்டு. குடவோலை முறை, 10ஆம் நூற்றாண்டு ஜனநாயகம் என்று புகழ்வார்கள். அதில் 30 குடும்புகளோடு 12 சேரிகளும் வருகின்றன. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அந்தச் சேரிகளில் இருந்தவர்கள் பிராமணர்கள். தஞ்சையில் கோயில் பெண்டிர் 400 பேருக்கு இராசராசன் வீடு கொடுத்த இடத்துக்குத் தளிச்சேரி என்று பெயர். சேர்ந்து வாழும் இடம் எதுவானாலும் சேரிதான். பிறகு ஒவ்வொருவராக அந்தச் சொல்லைவிட்டுக் கிளம்பினார்கள். பிராமணர்கள் அக்கிரகாரத்துக்குப் போனார்கள், வேளாளர்கள் குடித்தெருவுக்குப் போனார்கள். கடைசியில் சொல்லும் நாமும் மட்டும் மிஞ்சினோம்.

‘சாலை’யின் பயணம் எதிர்த்திசையில் போனது. பழைய கல்வெட்டுகளில் சாலை என்பது பாதையே அல்ல. சோறு போடும் இடம், படிக்கும் இடம். காந்தளூர்ச்சாலையைக் கல்விநிலையம் என்று அறிஞர் பலர் சொல்வது அதனால்தான். பின்னர் மரம் நட்டுச் சத்திரம் கட்டிய நெடுவழிக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. மதுரையிலிருந்து தெற்கே போகும் வழியை மங்கம்மாள் சாலை என்று மக்கள் இன்றும் சொல்கிறார்கள். இன்றைக்கு அரசுப் பணத்தில் போட்டது எதுவோ அது சாலை. ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். தெரு என்ற சொல்லுக்கு முன்னால் எந்தச் சாதிப் பெயரும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். சாலைக்கு முன்னால் அவ்வளவு சுலபமாக ஒட்டாது. ‘அக்கிரகாரச் சாலை’ என்று யாரும் சொல்லிக் கேட்டதுண்டா? ஒரே இடத்துக்கு ஊராட்சி ஒன்றியம் தார் போட்டு, சாலை என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். ஊரார் அதைத் தெரு என்றே சொல்வார்கள். காகிதத்தில் பொது, வாய்மொழியில் சொந்தம்.

இந்தச் சொல் விளையாட்டைச் சட்டமாகவே ஆக்கிய நாடு திருவிதாங்கூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது அதற்குள்தான் இருந்தது. பொதுவழிகள் எல்லாச் சாதியினருக்கும் திறந்தவை என்று அந்த அரசு 1865இல் அறிவித்தது. 1884இல் அதை மறுபடி உறுதி செய்தது. ஆனால் 1893இல் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கி, வேங்கானூரிலிருந்து பொதுச்சாலையில் ஓட்டிப்போனபோது அது கலகம் என்று பார்க்கப்பட்டது. அரசு திறந்துவிட்டேன் என்று சொன்ன வழியில் 28 ஆண்டு கழித்து ஒரு புலையர் வண்டி ஓட்டியது கலகமானது எப்படி?

அதற்கு நீதிமன்றம் கொடுத்த விளக்கம் ஒன்று இருக்கிறது. பொதுவழி இரண்டு வகை. ஒன்று ராஜவீதி, மற்றது கிராமவீதி. அரசன் திறந்தது ராஜவீதியை. கிராமவீதி கிராமத்தாருடையது, அங்கே பழைய வழக்கம்தான் செல்லும். கோயிலைச் சுற்றியுள்ள வீதி எதுவாக இருந்தாலும் அது கிராமவீதி. தோழர்களே, இந்தப் பிரிவினையின் கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எந்த அறிவிப்பும் ரத்து செய்யப்படவில்லை. எந்தப் புதுத் தடையும் எழுதப்படவில்லை. ஒரு சொல் இரண்டாக வெட்டப்பட்டது, அவ்வளவுதான். ‘பொது’ என்ற முழுச் சொல்லில் பாதியைக் கோயில் எடுத்துக்கொண்டது.

வைக்கம் போராட்டம் கோயில் நுழைவுக்காக நடந்தது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அது கோயிலைச் சுற்றியுள்ள வீதிக்காக நடந்தது. 1924 மார்ச் 30 அன்று முதல் அணியில் போனவர்கள் மூவர். ஒரு புலையர், ஒரு ஈழவர், ஒரு நாயர். தீண்டல் பலகை நட்டிருந்த இடம் வரை மூவரும் சேர்ந்தே நடந்தார்கள். அதற்கு அப்பால் நாயர் மட்டும் போகலாம் என்றார்கள். மற்ற இருவரை விட்டுவிட்டுப் போக அவர் மறுத்தார், மூவரும் கைதானார்கள். அதே வீதியில் கிறித்தவரும் முஸ்லிமும் நடந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன பெரியார் இரண்டு முறை சிறை வைக்கப்பட்டார். 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டமன்றத்தில் வீதிகளைத் திறக்கக் கோரிய தீர்மானம் 21க்கு 22 என்று ஒரே வாக்கில் தோற்றது. அந்த ஆண்டு நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்க வீதிகள் திறந்தன. கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. அதற்கு 1936 நவம்பர் 12இன் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கோயிலைச் சுற்றிய நான்கு துண்டு வீதிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். இடையில் சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காக 1926இலும் 1930இலும் சத்தியாகிரகம் நடந்தது. வைக்கத்தைக் கொண்டாடுகிற அளவுக்குச் சுசீந்திரத்தை நம்மவர்களே பேசுவதில்லை.

வைக்கம் நடந்துகொண்டிருந்த அதே 1924இல், இந்தப் பக்கம் சென்னை சட்டமன்றத்தில் ஒரு காரியம் நடந்தது. நியமன உறுப்பினராக இருந்த இரட்டைமலை சீனிவாசன் ஆகஸ்ட் 22 அன்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறி, செப்டம்பர் 25 அன்று 2660ஆம் எண் அரசாணையாக வெளிவந்தது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் நகரத்திலும் பொதுச் சாலை, தெரு, நடைபாதை ஆகியவற்றில் நடப்பதற்குத் தடையில்லை என்பதும், பொது அலுவலகம், கிணறு, குளம் போன்ற இடங்களுக்கு எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதும் அதன் சாரம். வேலியும் சுவரும் அவருக்குத் தெரியும். 1893இலேயே ‘பறையன்’ என்று பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கிய மனிதர். சொல் எப்படிக் கைநழுவும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் சாலை என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தவில்லை என்பது எங்கள் வாசிப்பு. சாலை என்று மட்டும் எழுதினால் ‘இது தெரு’ என்பார்கள். தெருவையும் சேர்த்தால் ‘இது வெறும் நடைபாதை’ என்பார்கள். எதிராளி ஒளிந்துகொள்ளக்கூடிய மூன்று சொற்களையும் அவர் வரிசையாக எழுதிப் பூட்டினார். அரசாணையைப் படிக்கும்போது அந்த மூன்று சொற்களின் முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பூட்டியும் ஒரு இடைவெளி இருந்தது. மூன்றுக்கும் முன்னால் ‘பொது’ என்று இருந்தது. அந்த ஆணை வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காட்டின் கல்பாத்தி அக்கிரகாரத்தில் நவம்பர் தேர்த்திருவிழா. ஆணையை நம்பித் தெருவுக்குள் போன ஈழவர்களை அடித்து விரட்டினார்கள். அக்கிரகாரம் பொதுத்தெருவா, கோயிலைச் சேர்ந்த இடமா என்ற வழக்கு கிளம்பியது. நடக்க முடியாமல் போனவர்களில் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து அந்தப் பெயரோடு உள்ளே போகப் பார்த்தார்கள். அப்போதும் எதிர்ப்பு ஓயவில்லை. தெருவின் பெயரை மாற்ற முடியாதவன் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

பேஷ்வா ஆட்சியின் புனேயைப் பற்றி அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எழுதியிருப்பதை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். தீண்டப்படாதவர் தம் காலடித் தடத்தைத் தாமே அழித்துக்கொண்டு போக இடுப்பில் துடைப்பம் கட்ட வேண்டும். எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் கலயம் தொங்க வேண்டும். தடம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் பாதை என்றும் பொருள், காலடிச் சுவடு என்றும் பொருள். பல பேர் நடந்த சுவடு சேர்ந்துதான் பாதை ஆகிறது. சுவடே பதியக்கூடாது என்றால் அவர்கள் நடந்த இடம் என்றைக்கும் பாதையாகாது.

இது உவமைக்காகச் சொன்னது இல்லை. சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் கேட்கிறது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவைச் சட்ட மாணவர்கள் எடுத்துப் பாருங்கள். அடுத்தவர் நிலத்தின் வழியாக 20 ஆண்டு நடந்தவருக்கு வழியுரிமை வரும். ஆனால் அமைதியாக, வெளிப்படையாக, இடையூறு இல்லாமல், உரிமையோடு நடந்திருக்க வேண்டும். அனுமதி கேட்டு நடந்தால் உரிமை பிறக்காது. இப்போது ஒரு பண்ணையாளின் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று தலைமுறையாக மிராசுதாரின் வரப்பில்தான் நடந்தார்கள். அதுவும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆண்டை எதிரே வந்தால் வயலுக்குள் இறங்கி நின்று. அறுபது ஆண்டு நடந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: ‘அவர்கள் நாங்கள் விட்டதால் நடந்தார்கள்.’ பணிவே அவர்களுக்கு எதிரான சாட்சி. எதிர்த்து நடந்திருந்தால் அன்றைக்கே அடி விழுந்திருக்கும். அப்போது அது ‘அமைதியாக, இடையூறு இல்லாமல்’ ஆகாது.

1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம், அதாவது இன்றைய குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், இந்தச் சிக்கலைக் கொஞ்சம் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. பொதுமக்களில் மற்றவர்களுக்கு உரிமையுள்ள எந்தச் சாலையும் வழியும் தலித்துக்கு மறுக்கப்பட்டால் குற்றம் என்கிறது அது. நாம் முன்பு நடந்தோமா இல்லையா என்று கேட்கவில்லை. மற்றவர்கள் நடக்கிறார்களா என்று கேட்கிறது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ‘வழக்காற்று வழியுரிமை’ என்றும் பேசுகிறது. எங்களுக்கு அந்தச் சொல்லில் நெருடல் உண்டு. நடக்கக்கூடாது என்பதே வழக்காறாக இருந்த ஊரில் நடக்கும் வழக்காற்றை எங்கே போய்த் தேடுவது? 2015 திருத்தம் வந்த பிறகு, பொதுஇடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் செருப்புப் போடுவதையும் புத்தாடை உடுத்துவதையும் திருமண ஊர்வலம் போவதையும் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டது. ஒரு குடியரசின் சட்டப் புத்தகத்தில் செருப்பு என்ற சொல் ஏறியிருக்கிறது என்றால், அதற்கு முன்னால் எத்தனை தெருவில் எத்தனை பேர் வெறுங்காலோடு நடந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தின் தொடக்கத்தில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில், மயிலாடுதுறைக்கு அருகே திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடல் நாள்கணக்கில் கிடந்தது. வழுவூரின் பொதுத்தெரு வழியாக எடுத்துச்செல்ல வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றமும் அப்படியே எடுத்துச்செல்ல வழி செய்யுமாறு உத்தரவிட்டது. கடைசியில் காவல்துறையினரே உடலை எடுத்து வேறு வழியில் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அந்த வேறு வழிக்கு அதிகாரிகள் வைத்த பெயர் ‘மாற்றுப்பாதை’. சாலை வேலை நடந்தால் ஓரமாக ஒரு பலகை வைப்பார்களே, அந்தச் சொல். யாருக்கும் கோபம் வராத சொல்.

மாற்றுப்பாதை என்றால் டெல்டாவில் பெரும்பாலும் வரப்பு. நகரத்திலிருந்து வந்திருக்கும் மாணவர்களுக்காகச் சொல்கிறோம். வரப்பு ஒரு அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி அகலம் இருக்கும். ஒரு ஆள் முன்னால், ஒரு ஆள் பின்னால் என்று நடக்கலாம். பாடை நான்கு தோளில் ஏறுவது, அகலம் கொள்ளாது. ஆகவே தூக்குபவர்கள் இரண்டு பக்கமும் வயலுக்குள் இறங்க வேண்டும். கார்த்திகை மார்கழியில் செத்தால் வயலில் தண்ணீர் நிற்கும், சேறு முழங்காலுக்கு வரும், நடுவே வாய்க்கால் இருந்தால் இடுப்பளவு இறங்கி ஏற வேண்டும். சம்பா பயிர் நிற்கும். அதை மிதித்தால் பயிருக்கு உடையவன் வருவான். மிதிக்கப்பட்ட பயிருக்கு நட்டஈடு கேட்டுத் துக்க வீட்டு வாசலில் வந்து நின்ற கதையை எங்கள் பகுதியில் கேட்காத குடும்பம் குறைவு. வரப்பு நீரைத் தேக்கப் போட்டது, எல்லை காட்டப் போட்டது. மனிதர் நடக்கப் போட்டதே அல்ல. பாதைக்கு இத்தனை சொல் இருக்கிற மொழியில் நம் மக்கள் பிணம் தூக்கிப் போகும் இடத்துக்குப் பாதைச் சொல் ஒன்றுகூட இல்லை.

வடக்கே பாலாற்றிலும் இதே கதை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலை ஏறக்குறைய இருபது அடி உயரப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். ஆற்றங்கரைக்குப் போகும் வழி பட்டா நிலத்துக்குள் போகிறது என்று வேலி போட்டிருந்தார்கள். அந்தக் காட்சி படமாக வெளிவந்ததால் உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 600 மீட்டர் அளவுக்குச் சுவரே எழுப்பியிருந்தார்கள். 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதியை இடித்து வழி விட்டதும், சாதி இந்துக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே வெளியேறி எதிர்ப்புக் காட்டினார்கள். ‘நடுத்தெருவுக்கு வந்துவிட்டான்’ என்றால் கெட்டழிந்துபோனான் என்று பொருள் சொல்கிற மொழி இது. நம்மவர் நடுத்தெருவுக்கு வந்தது அவர்களுக்கு அப்படித்தான் பட்டது போலும்.

இப்போது ‘காலனி’க்கு வருவோம். அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். பள்ளிச் சான்றிதழில் அந்தச் சொல்லோடு அலைந்த பிள்ளைகளுக்கு அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுவைக்கிறோம். சென்னையில் ரயில்வே காலனி இருக்கிறது, சிஐடி காலனி இருக்கிறது. அங்கே குடியிருப்பவர் யாரும் அந்தச் சொல்லால் கூனிக்குறுகியதில்லை. அதே சொல் தாலுகா எல்லையைத் தாண்டியதும் வசவாகிறது. சேரிக்கு நடந்தது காலனிக்கு நடந்தது. காலனிக்கு நடந்தது நகருக்கும் நடந்துகொண்டிருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ‘அம்பேத்கர் நகர்’ என்ற பலகையைப் படித்ததும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நாம் பார்க்கத்தானே செய்கிறோம். 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவருக்கு என்று சமத்துவபுரம் திட்டம் ஒரே தெருவில் வீடுகளைக் கலந்தது. குறைகள் ஆயிரம் இருக்கலாம். ‘எந்தத் தெரு?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் செய்ய முயன்ற அரசுத் திட்டம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறோம். பெயர்ப்பலகையை மாற்றுவதைவிடச் செலவு அதிகமானது, அதனால் எண்ணிக்கையில் குறைவு.

ஆகவே மாணவர்களிடம் நாங்கள் கேட்பது பெயர்ப்பலகையைப் பற்றி இல்லை, பதிவேட்டைப் பற்றி. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என்று வகையும், புறம்போக்கானால் அது பாதையா, வண்டிப்பாதையா, வாய்க்காலா, மயானமா என்ற குறிப்பும் இருக்கும். புல வரைபடத்தில் பாதை கோடுகளாகத் தெரியும், அளவும் போட்டிருக்கும். உங்கள் குடியிருப்பிலிருந்து மயானம் வரை விரலை வைத்து அந்தக் கோட்டைத் தொடர்ந்து பாருங்கள். சில ஊர்களில் வண்டிப்பாதை முழுதாக இருக்கும். நிலத்தில் மட்டும் அதை உழுது வரப்பாகச் சுருக்கியிருப்பார்கள். அங்கே தேவை புதுப் பாதை இல்லை, அளவையர் வந்து கல் நடுவது. சில ஊர்களில் கோடு குடித்தெருவின் கடைசி வீட்டோடு நின்றுபோயிருக்கும். அப்படியானால் அங்கிருந்து மயானம் வரை குறுக்கிடும் சர்வே எண்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பட்டாதாரர் பெயர், எத்தனை மீட்டர் நீளம், நடுவே எத்தனை வாய்க்கால் என்பதைக் குறியுங்கள். யாராவது சாகும்வரை காத்திருக்க வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அந்தத் தாளோடு போய், தீர்மானப் புத்தகத்தில் ‘மயானத்துக்குச் செல்லும் பொதுப்பாதை’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘மாற்றுப்பாதை’ என்று எழுத வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.